முசாபரி வரவழைத்த அலை

காலை ஒன்பது பத்துக்கு பஸ் நின்றபோது நான் முதலில் பார்த்தது ஒரு கறுப்புக் குடையை. மழை இல்லை, வெயிலும் அவ்வளவாக இல்லை. குடையைத் தலைக்கு மேலே பிடிக்காமல், கிழக்குப் பக்கமாகக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு ஒருவர் பஸ் ஜன்னல்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"யாரும் அங்கிட்டுத் திரும்பாதீங்க! எறங்கி நேரா இங்கிட்டு வாங்க! இன்னும் நேரம் வரல!"

அங்கிட்டு இருந்தது கடல்.

வங்காள விரிகுடா தனக்கென்று ஒரு காரியதரிசி வைத்துக்கொள்ள விரும்பினால், உலகம் முழுக்கத் தேடினாலும் அவரைத் தவிர வேறு ஆள் கிடைத்திருக்க மாட்டார். ஊரில் அவருக்கு முசாபரி என்று பெயர். பயணிகள் தங்கும் சர்க்கார் முசாபரி பங்களாவுக்குக் காவல்காரர், சமையல்காரர், தண்ணீர் இறைப்பவர் எல்லாம் அவரே. பங்களாவின் பெயரே ஆளுக்கும் ஆகிவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால், "அது எதுக்குங்க இப்ப?" என்பார்.

மணமேல்குடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவில், அறந்தாங்கி பஸ் வந்து திரும்பிப் போகும் சின்ன ஊர் அது. 1954இல் நான் திருச்சியில் ஒரு தினசரியில் நிருபர். விடுமுறைக்குப் போய்வரத் தகுந்த ஊர்களைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் என்னை அனுப்பியிருந்தார். அன்று என்னோடு இறங்கியவர்கள், கீரமங்கலத்து வெற்றிலை வியாபாரி ஒருவரும் திருமயம் பக்கத்துச் செட்டியார் ஒருவரும். ஆக மூன்று பேரைக் குடையால் மறைத்து, ஆடு ஓட்டுவது போல ஓட்டிக்கொண்டு போனார் முசாபரி.

அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் கிணற்றடியில் நிறுத்தி, எல்லோரையும் கண் கழுவச் சொல்வார்.

"பஸ் புழுதிக் கண்ணோட கடலைப் பாத்தா கடல் அழுக்காத்தான் தெரியும். ஊருக்குப் போயி அழுக்குக் கடல்னு சொல்லுவீங்க. கெட்ட பேரு எனக்கு."

அடுத்தது சாப்பாடு. காலை பத்து மணிக்குச் சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும். செட்டியார் தயங்கினார். "இப்பத்தானப்பா பலகாரம் சாப்பிட்டு வந்தேன்."

"பசியோட பாக்குறவன் கண்ணுக்குக் கடலு தெரியாதுங்க, மீனுதான் தெரியும். உக்காருங்க. ஒங்களுக்குக் கத்திரிக்காய்."

கடைசி நூறு அடியைப் பின்பக்கமாக நடந்து கடக்க வேண்டும். அப்போதுதான் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்து சலித்துப் போகாமல், ஒரேயடியாக முழுசாகக் கிடைக்குமாம். மூவரும் கையைக் கோத்துக்கொண்டு பின்னால் நடந்தோம். எங்களுக்கு நடுவில் செட்டியார், "நண்டு ஏதும் கடிக்குமா?" என்று கேட்டபடியே வந்தார். ஒரு வளைந்த பனைமரத்தடியில் முசாபரி குடையை மடக்கினார்.

"இப்பத் திரும்புங்க!"

திரும்பினோம். கடல் இருந்தது, சலவைக்காரர் மடித்து வைத்த வேட்டி போல ஒரு சுருக்கமும் இல்லாமல். வெற்றிலை வியாபாரி இடமும் வலமும் நன்றாகப் பார்த்தார்.

"ஏங்க, அலை எங்கங்க?"

அந்தக் கரையில் அலை அடிப்பதில்லை. எதிரே இலங்கை குறுக்காகக் கிடக்கிறது, ஆழமும் கிடையாது. ஒரு பர்லாங்கு உள்ளே நடந்தாலும் முழங்கால் நனைந்தால் அதிகம். ஊர்க்காரர்களுக்கு அது வசதி. வருகிற பயணிகளுக்கோ, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாயசம் இல்லாமல் திரும்பிய வருத்தம். இந்தக் கேள்விக்காகத்தான் முசாபரி காத்திருந்தார்.

"அலையா? அது மெட்ராஸ்லங்க. அங்க கடலுக்கு வேலை வெட்டி இல்ல, கத்திக்கிட்டுக் கெடக்கு. இது வேலைக்குப் போற கடலு. காலையில போயி மீன் குடுக்கும், சாயங்காலம் கம்முனு படுத்துக்கும்."

செட்டியார் விடவில்லை. "நான் பினாங்குல பத்து வருசம் இருந்தவன். அதுல்ல கடல்!"

"நல்லதுங்க" என்றார் முசாபரி. "பினாங்குக்கு அடுத்த பஸ் மூணரைக்கு."

மறு வருடம் நான் போனபோது பங்களாவில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் வாத்தியார். அயர்லாந்தில் ஏதோ ஒரு சின்னக் கடற்கரை ஊர்க்காரர். முறைப்படி கண் கழுவி, பின்னால் நடந்து, கடலைப் பார்த்திருந்தார். அவர் அலையைக் கேட்காதது முசாபரிக்கு ஆச்சரியம்.

"தொரை ஊருக் கடலு எப்புடின்னு கேளுங்க" என்றார் என்னிடம்.

கேட்டுச் சொன்னேன். அங்கே அலை பாறையில் மோதிப் பனைமர உயரத்துக்கு எழும்புமாம். முக்கால்வாசி நாள் மழை. தண்ணீரில் காலை வைத்தால் விறைத்துவிடும். வெளியூரிலிருந்து கடல் பார்க்க வருகிறவர்கள் கம்பளிக் கோட்டோடு கரையில் நின்று, பார்த்தோம் என்று பெயர் பண்ணிவிட்டு டீ குடிக்க ஓடிவிடுவார்களாம்.

முசாபரி, "அடப் பாவமே! அந்த ஊர் சனத்தை எல்லாம் இங்கிட்டு அனுப்பி வைக்கச் சொல்லுங்க. ரெண்டு ரூமு இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து அலையில்லை என்று குறை சொன்ன யாருக்கும் ஒரே பதில்தான்: "அயர்லாந்து போயி நின்னு பாருங்க, தெரியும்!" ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அது ராமேசுவரத்துக்குத் தெற்கே இருக்கிறது என்று நினைத்து என்னிடம் பஸ் விசாரித்தார்.

1957இல் முசாபரியிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. 'கடலுக்கு ஆபத்து. வெள்ளிக்கிழமைக்குள் வரவும். குடை ஒன்று கொண்டு வரவும்.'

போனேன். ஆபத்து பங்களாவுக்குத்தான். ஆள் தங்காத கட்டடம் எதற்கு, உர மூட்டை அடுக்கலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடந்தது. புதிதாக வந்திருந்த இன்ஜினீயர் சனிக்கிழமை நேரில் பார்த்து முடிவு சொல்வார். பங்களா குடோன் ஆனால் முசாபரியைப் புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு ஜல்லிக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அவர் குடியிருந்ததும் பங்களாவின் பின்னறையில்தான்.

"ஜல்லிக்கு நான் யாரைக் கூட்டிக் காட்டுறதுங்க?" என்றார். முகத்தில் மூன்று நாள் தாடி.

"ஒங்க கடலைப் பத்தி எப்பவும் சொல்றதை அவருகிட்டயும் சொல்லுங்க."

"அவரு சம்சாரமும் வாராங்களாம். அந்தம்மா பொறந்து வளந்ததே மெரினா பக்கத்துலயாம். தெனம் அலை பாத்த கண்ணு. இது என்ன கண்மாயான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுச்சு."

"வேலைக்குப் போற கடல்னு சொல்லுவீங்களே?"

"அது ஒங்களுக்கு. அவங்க ஆபீசருங்க."

அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். எட்டுப் படகுகள் ஆழமான இடத்தில் தயாராக நிற்கும். கரையில் அவர் குடையை விரித்ததும் எட்டும் ஒரே மூச்சில் துடுப்புப் போட்டுக் கரையைப் பார்த்துப் பாய்ந்து வரும். அந்த வேகத்தில் அலை கிளம்பும். என் குடை, அவருடையது விரியாமல் போனால் மாற்றுக்கு.

படகுக்காரர்களின் தலைவன் காளிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏண்ணே, எங்க ஆயுசு பூரா அலை வேணாம்னு சாமி கும்பிட்டிருக்கோம். நீ அலை வேணுங்கிறே!"

"ஒரு நாளைக்குத்தான்டா."

"நாலு மணிக்குத் தண்ணி வத்துற நேரம். படகு தரை தட்டும்."

"ஆபீசரு நாலு மணிக்குத்தான் வாராரு. கடலுக்காக அவரைக் காக்க வைக்க முடியுமா?"

காளிமுத்து என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "புயலன்னைக்கு எங்க புள்ளைங்களை எல்லாம் பங்களாவுல படுக்க வச்ச ஆளு நீ. கேக்குறே. வாரோம்."

சனிக்கிழமை நாலு மணிக்கு ஜீப் வந்தது. இன்ஜினீயர் கண் கழுவ மறுத்தார், சாப்பிட மறுத்தார், பின்னால் நடக்கவும் மறுத்தார். அவர் மனைவி மட்டும் சிரித்துக்கொண்டே மூன்றையும் செய்தார். பனைமரத்தடியில் முசாபரி குடையை விரித்தார். அது விரிந்தது.

கடலில் எட்டுப் படகுகளும் பெரும் கூச்சலோடு பாய்ந்தன. பாதி வழி வந்தன. முதல் படகு 'தட்'டென்று நின்றது. அதன் பக்கத்தில் இரண்டாவதும் நின்றது. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். எட்டும் தரை தட்டின. அவை கிளப்பிய அலை மட்டும் தனியாகக் கரையை நோக்கி வந்து, இன்ஜினீயரின் பூட்சு நுனியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. உயரம் இரண்டு விரல். கூட்டிச் சொல்லவில்லை.

"என்னய்யா இது?" என்றார் இன்ஜினீயர்.

முசாபரி விரித்த குடையை மடக்கவும் மறந்து நின்றார்.

படகுக்காரர்கள் குதித்து இறங்கிப் படகுகளைத் தள்ள ஆரம்பித்தார்கள். நடுக்கடலில் இருபது ஆட்கள், வயலில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அவங்க எப்படி அங்க நிக்கிறாங்க?"

"முழங்காலு கூட வராதும்மா! வந்து பாருங்க!" என்று காளிமுத்து அங்கிருந்தே கத்தினான்.

அவர் கணவரைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார், நடந்தார். கணுக்கால் நனையும்வரை ஒவ்வோர் அடியாக வைத்தார். பிறகு வேகமாக நடந்தார். படகு வரைக்கும் போய், விளிம்பில் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுத் தண்ணீரை அளைந்தார்.

"சீக்கிரம் வா! இருட்டப்போகுது!" என்றார் இன்ஜினீயர்.

"வரமாட்டேன்!" என்று பதில் வந்தது. "மெட்ராஸ்ல எங்கம்மா அலை இழுத்துட்டுப் போயிடும்னு ஈர மணலையே மிதிக்க விட்டதில்ல. இன்னிக்குத்தான் கடல்ல இறங்கியிருக்கேன். நீங்க வாங்க!"

இன்ஜினீயர் எங்களைப் பார்த்தார். நாங்கள் பனைமரத்தைப் பார்த்தோம். அவர் குனிந்து பூட்சைக் கழற்றினார்.

இருவரும் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கரையேறினார்கள். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே இன்ஜினீயர், "ரூம்ல கட்டில் இருக்கா?" என்று கேட்டார். அன்றும் மறுநாளும் தங்கினார்கள். உர மூட்டைகள் வேறு எங்கோ போயின. ஜல்லிக் கிடங்குக்கு வேறு ஆள் போட்டார்கள்.

திங்கட்கிழமை என்னை பஸ் ஏற்றிவிட வந்த முசாபரி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாத்தீங்களா, அலை வச்சு முடிச்சேன்ல?"

"அலை பூட்சைத்தானே தொட்டுச்சு?"

"ஆபீசருக்கு அது போதுங்க."

மறு வருடம் ஆவணியில் எனக்குத் திருமணம் நடந்தது. அதே மாதம் நானும் மனைவியும் அந்த பங்களாவில் போய் மூன்று நாள் தங்கினோம். மூன்று இரவும் முசாபரி தன் பின்னறையில் படுக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு காளிமுத்து வீட்டுக்குப் போய்விட்டார்.