புளி மூட்டைக்கு வந்த தடை

ஒரு காட்டில் வேலம்மா என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். டவர் நன்றாகக் கிடைக்கிற காடு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யானை முதல் எலி வரை எல்லாரும் செல்போன் வைத்திருந்தார்கள். கை இல்லாதவர்கள் வாலில் சுற்றி வைத்திருந்தார்கள்.

வேலம்மாவின் குடும்பத் தொழில் கிழங்கு தோண்டுவது. அதை விட்டுவிட்டு அவள் வீடியோ கேம் செய்ய உட்கார்ந்தாள். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "கிழங்கு தோண்டற குடும்பத்துல இது என்னடி புதுப் பழக்கம்?" என்றாள் அக்காக்காரி. வேலம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேமின் பெயர் 'புளி மூட்டை'. அதில் ஒரு கரடியம்மா புளி மூட்டைக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். புளியம்பழத்தின் ஓட்டை உடைக்க வேண்டும். நார் உருவ வேண்டும். புளியங்கொட்டையை எடுத்துத் தட்டில் போட வேண்டும். ஒரு மூட்டை தீர்ந்தால் அடுத்த மூட்டை வரும். சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது, யாரும் சாவதும் கிடையாது. எல்லா மூட்டையும் தீர்ந்தால் கடைசியில் ஒரு காட்சி வரும். அந்தக் காட்சிக்காகத்தான் வேலம்மா இத்தனை பாடு பட்டாள். அதை வரையும்போது அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, கடைசி மூட்டை வரைக்கும் வந்து அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை, பாவம்.

ஒருத்தரும் வரவில்லை. அக்காக்காரி முதல் மூட்டையிலேயே தூங்கிப்போனாள். எழுந்து, "நல்லாத்தான்டி இருக்கு, என்னமா தூக்கம் வருது!" என்று பாராட்டு வேறு. காடே அப்போது 'வேட்டை வெறி' என்ற வேறொரு கேமில் விழுந்து கிடந்தது. அதில் ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளலாம். அது போதாதா நம்மவர்களுக்கு?

இப்படி இருக்கும்போது, ராஜா குறை கேட்கிற நாள் வந்தது. காட்டெருமை அம்மா ஒருத்தி அழுதுகொண்டே சபைக்குள் நுழைந்தாள்.

"ராசா! என் பையன் புல்லு திங்க வரமாட்டேங்கறான். எந்நேரமும் செல்லுல டுப்பு டுப்புனு சுட்டுக்கிட்டே கெடக்கான். கூப்பிட்டா, 'இரும்மா, செத்துருவேன்'ங்கறான். பெத்த வயிறு பதறுது ராசா!"

சிங்கராஜாவுக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் நின்ற கொக்கு மந்திரியின் காதில், "அந்த வேட்டை வெறியைத் தடை பண்ணிடலாமாய்யா?" என்று கேட்டார்.

"மகாராஜா, இளவரசர் காலையிலேர்ந்து அதுலதான் இருக்கார். மகாராணியும் இருக்காங்க."

"நானும்தான் இருக்கேன்" என்றார் ராஜா, இன்னும் மெதுவாக. "ஆனா எதையாவது தடை பண்ணியாகணுமே. அந்தம்மா அழுதுக்கிட்டே நிக்குது பாரு."

கொக்கு மந்திரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு யோசித்தார். அவருக்கு யோசனை என்பது எப்போதும் ஒற்றைக் காலில்தான் வரும்.

"யாருமே விளையாடாத கேமாப் பாத்துத் தடை பண்ணிடுவோம் மகாராஜா. நடவடிக்கை எடுத்த மாதிரியும் ஆச்சு, ஒருத்தர் மனசும் நோகாது."

அடேயப்பா, என்ன மூளை! தேடிப் பார்த்ததில் 'புளி மூட்டை' அகப்பட்டது. அதை விளையாடுகிறவர் யாரும் இல்லை என்பது உறுதியானதும், அன்றைக்கே தடை போட்டுவிட்டார்கள். காட்டெருமை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராஜாவை வாழ்த்திவிட்டுப் போனாள்.

இங்கேதான் ஒரு சங்கடம். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதைத் தடை செய்தாலும், அது இன்னது என்று விளக்கமாகத் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும். பின்னால் ஒருத்தனும் வந்து "தெரியாமச் செஞ்சுட்டேன் சாமி" என்று சொல்லிவிடக் கூடாது பாருங்கள். அதற்கென்றே ஒரு கழுதையை வேலைக்கு வைத்திருந்தார்கள். குரல்வளம் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

கழுதை தெருத் தெருவாகப் போய்த் தமுக்கு அடித்தது.

"இதனால் சகல மிருகங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்! 'புளி மூட்டை' என்ற கேமை யாரும் டவுன்லோடு செய்யக் கூடாது! அதாவது, பச்சை நிறத்தில் ஒரு மூட்டைப் படம் இருக்கும், அதை அமுக்கக் கூடாது! அமுக்கினால் ஒரு கரடியம்மா வருவாள், அவளைப் பார்க்கக் கூடாது! புளியைத் தொட்டு இடது பக்கம் இழுக்கக் கூடாது! இழுத்தால் நார் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும், அதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை அனுபவிக்கக் கூடாது! புளியங்கொட்டை தட்டில் விழும்போது 'டக்' என்று கேட்கும். ஆகா, அதைக் கேட்கவே கூடாது! மூட்டைகள் அத்தனையும் தீர்ந்தால் கடைசியில் ஒரு ரகசியக் காட்சி உண்டாம், அதற்கு யாரும் ஆசைப்படக் கூடாது! டும் டும் டும்!"

சாயங்காலத்துக்குள் காட்டில் 'புளி மூட்டை' இல்லாத செல்போனே இல்லை.

வேலம்மாவுக்குத் தடைச் செய்தி வந்தது. முள்ளெல்லாம் சரிந்து படுத்துவிட்டது. "ஒரு எறும்புக்குக்கூட நான் கெடுதல் நினைச்சதில்லையே" என்று புலம்பினாள். அழுதுகொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தால், டவுன்லோடு மேல் டவுன்லோடு! முள்ளெல்லாம் ஒரேயடியாக நிமிர்ந்தது. ஆறுதல் சொல்ல வந்த அக்காக்காரி மேல் நாலைந்து குத்திவிட்டன.

காடு இரண்டு பட்டது. மலையணில் ஒருத்தன் மரத்தில் ஏறி, "இன்னிக்கு நம்ம புளியில கை வெச்சான், நாளைக்கு நம்ம பழத்துல கை வைப்பான்!" என்று முழங்கினான். கரடிகள் உண்ணாவிரதம் இருந்தன. காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டன. குரங்குகளோ தடை போதாது என்றன. புளியமரம் தங்களுக்குப் பாத்தியப்பட்டதாம், கரடியம்மாவைப் புளிக்கு முன்னால் உட்கார வைத்ததில் மனசு புண்பட்டுவிட்டதாம். டிவியில் ஓர் ஆந்தை நிபுணர், "அந்த 'டக்' சத்தத்தைத் திருப்பிப் போட்டுக் கேளுங்க, அதுல ஒரு சதி இருக்கு" என்றார். திருப்பிப் போட்டார்கள். 'டக்' என்றுதான் கேட்டது. அதுதான் சதியின் ஆழம் என்றார் நிபுணர்.

காட்டெருமை அம்மாவும் டிவிக்கு வந்தாள். "இந்தப் புளிதாங்க என் புள்ளையக் கெடுத்துச்சு!" என்று கதறினாள். புள்ளை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேட்டை வெறியில் சுட்டுக்கொண்டிருந்தான்.

யார் எந்த மூட்டை வரை வந்திருக்கிறார்கள் என்ற கணக்கை வேலம்மா ஆசை ஆசையாகத் திறந்து பார்த்தாள். காட்டில் பாதிப் பேர் கேமைத் திறந்திருந்தார்கள். திறந்து, கரடியம்மாவோடு ஒரு செல்ஃபி எடுத்து, 'தடையை மீறிட்டோம்ல!' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு மூடியிருந்தார்கள். இரண்டாவது மூட்டையைத் தொட்டவரே இல்லை. அவள் கணக்கை மூடிவிட்டு எழுந்தாள். நேரே மலையணிலின் போராட்டப் பந்தலுக்குப் போனாள்.

"அண்ணே, எனக்காக இவ்வளவு பண்றீங்க, ரொம்ப நன்றி. நீங்க எந்த மூட்டையில இருக்கீங்க?"

"எந்த மூட்டையா?" என்றான் மலையணில். "நான் போராடிட்டு இருக்கேன் தாயி. இதுல விளையாட எங்க நேரம்?"

"ஒரு மூட்டையாவது..."

"அட, நீ வேற! தடையை எடுக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இப்ப கொஞ்சம் ஓரமா நில்லு, கேமராவை மறைக்கிறே."

வீட்டுக்குத் திரும்பி மறுபடி கணக்கைப் பார்த்தபோது, வேலம்மா அப்படியே உறைந்து நின்றாள். யாரோ ஒருவர் இரண்டாவது மூட்டையைத் தாண்டியிருந்தார். அடுத்த நாள் நாலாவது, அதற்கடுத்த நாள் இன்னும் மேலே. யாரென்று பெயர் தெரியவில்லை. ஆனால் காலை பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிப்பார், நடுவில் டீ குடிக்க எழுந்து போவார், சாயங்காலம் ஐந்தடித்தால் பாதிப் புளியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அரசாங்க விடுமுறையில் வரவே மாட்டார். வேலம்மா அந்த முகம் தெரியாத புண்ணியவானுக்காகத் தினமும் பத்து மணி எப்போது ஆகும் என்று காத்துக் கிடந்தாள்.

அரண்மனையில் என்ன நடந்தது என்றால், பக்கத்துக் காட்டு ராஜா போன் போட்டு, "புளிக்கா தடை போட்டே?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். சிங்கராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யோவ் மந்திரி, தடைக்கு ஒரு காரணம் வேணுமேய்யா. நீயே அதை முழுசா விளையாடி, என்ன குத்தம் இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு."

கொக்கு மந்திரி முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அலகால் ஒரு புளியைத் தொட்டு இழுத்தார். 'டக்'. இன்னொன்று. 'டக்'. பிறந்ததிலிருந்து குளக்கரையில் அசையாமல் நின்று பழகிய பிறவி அது. அந்தக் கேமுக்கென்றே செய்த அலகு. அன்றிலிருந்து மந்திரியைப் பார்க்க யார் வந்தாலும், "விசாரணை நடக்குது, அப்புறம் வாங்க" என்று சேவகன் திருப்பி அனுப்பினான்.

அதற்குள் கரடிகள் மதியச் சாப்பாட்டையும் தள்ளிப்போடப்போவதாக மிரட்டின. ராஜா பயந்துபோனார்.

"தடையை எடுத்துடுய்யா, எழவு!"

"மகாராஜா, விசாரணை இன்னும் முடியலை!" என்று மந்திரி பதறினார். "கடைசி மூட்டைதான் பாக்கி! ஒரே ஒரு நாள் கொடுங்க!"

"ஒரு நாழிகைகூடக் கிடையாது."

கழுதை மறுபடி தமுக்கு அடித்தது. இந்தத் தடவை விளக்கம் எதுவும் இல்லை. "விளையாடலாம்!" என்று ஒரே வார்த்தை. அவ்வளவுதான், காட்டுக்குச் சுவாரசியம் போய்விட்டது. "இதுல என்ன இருக்கு, வெறும் புளி" என்று ஆளாளுக்கு அழித்தார்கள். மலையணில் வேறு போராட்டம் தேடிப் போய்விட்டான். வேலம்மாவின் பத்து மணிக்காரரும் வரவில்லை. கடைசி மூட்டையில், நாலே நாலு புளி உடைத்த நிலையில் நின்றுபோயிருந்தார்.

கரைக்கு வந்த படகு கவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது வேலம்மாவுக்கு. "போதும்டி, மண்ணைத் தோண்டு, கிழங்காவது கிடைக்கும்" என்றாள் அக்காக்காரி. இந்தத் தடவை வேலம்மா தலையை ஆட்டினாள். மத்தியானம் கிழங்குக் காட்டுக்குக் கிளம்பும்போது, வளை வாசலில் கொக்கு மந்திரி நின்றுகொண்டிருந்தார். சேவகன் இல்லை, பல்லக்கு இல்லை. கக்கத்தில் செல்போன் மட்டும் இருந்தது.

"நீங்கதானேம்மா புளி மூட்டை?"

"தடையைத்தான் எடுத்துட்டீங்களே சாமி. இன்னும் என்ன?"

"அதான் பிரச்சினையே" என்றார் மந்திரி. "தடை இருந்தா ஆபீஸ்ல விளையாடலாம், விசாரணைன்னு பேரு. இப்ப விளையாடினா வேலை நேரத்துல விளையாட்டுனு சொல்லிடுவாங்க. வீட்ல எடுத்தா, 'நிஜப் புளியே ஒரு கூடை கிடக்கு, அதைப் பிரிங்க'ன்னு சம்சாரம் முறத்தைக் கையில கொடுத்துடறா. கடைசி மூட்டைம்மா! எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. இங்க உக்காந்து முடிச்சுக்கட்டுமா?"

பத்து மணிக்காரர்! வேலம்மா ஓடிப்போய்ப் பாயை எடுத்து வந்து விரித்தாள். மந்திரி உட்கார்ந்தார். டக், டக், டக். அவள் மூச்சு விடாமல் பக்கத்தில் நின்றாள். கடைசிப் புளியும் தீர்ந்தது.

திரையில் கரடியம்மா மெதுவாக எழுந்தாள். மடியில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டாள். வெறும் தரையைப் பெருக்கினாள். பிறகு மடக்கியே கிடந்த காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து, "அப்பாடா" என்றாள். அவ்வளவுதான் காட்சி.

கொக்கு மந்திரியின் கழுத்து அப்படியே வளைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர்.

"எங்கம்மா ஒரு நாள்கூட இப்படிக் காலை நீட்டி உக்காந்து நான் பாத்ததில்லை" என்றார்.

"எங்கம்மாவும்தான் சாமி" என்றாள் வேலம்மா. அவளும் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் தன் ஆயுசில் பார்த்ததில்லை.

மந்திரி மூக்கைச் சிந்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடுத்து ஏதாவது செய்யறியாம்மா?"

"கீரை ஆயற மாதிரி ஒண்ணு நினைச்சு வெச்சிருக்கேன். முழுக் கட்டு. முருங்கைக் கீரை."

"முருங்கையா!" மந்திரியின் இறகெல்லாம் சிலிர்த்தது. "ஒவ்வொரு காம்பா உருவணுமே! ரொம்பப் பயங்கரமா இருக்கும் போலிருக்கே. சீக்கிரம் முடிம்மா. வெளிவந்த அன்னிக்கே தடை பண்ணிடறேன். விசாரணைக்கு ஒரு வருஷம் கேட்டு வாங்கிக்கறேன்."

"ரெண்டு கட்டா வெச்சிடறேன் சாமி" என்றாள் வேலம்மா.

நீதி: உங்கள் படைப்பை எதிர்ப்பவரும் பார்க்க மாட்டார், ஆதரிப்பவரும் பார்க்க மாட்டார், தடை செய்த அதிகாரி ஒருவர்தான் கடைசி வரை பார்ப்பார். ஆகவே ரசிகர்களைத் தேடி அலையாமல், நல்ல அதிகாரியாகப் பார்த்துத் தடை வாங்கிக்கொள்ளவும்.