இருபத்திரண்டு வரிப் பட்டியலும் மதினியின் ஃப்ரிட்ஜும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்தொன்பது வயது வரை தெரியாது. அதைவிட மோசம், தெரியாத விஷயத்தையும் அமைதியான குரலில் சொல்லத் தெரியும். பதறிப் பேசுகிறவர்களை யாரும் நம்புவதில்லை. நிதானமாக விரல் மடக்கி, "ஒண்ணாவது, ரெண்டாவது" என்று அடுக்குகிறவளை எங்கள் குடும்பம் அப்படியே நம்பிவிடும். என் நிதானத்தை நம்பி ஒருத்தி வேலையை இழந்த கதை இது. (சிரிக்கலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.)

நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை வெளியே விடுவதற்கு முன் ஓட்டிப் பார்த்து, அது எங்கெங்கே மண்ணைக் கவ்வும் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பிழைப்பு. எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ராஜபாளையத்தில் இருக்கிற என் சித்தி மகள் மாரி, கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கேம் செய்யக் கற்றுக்கொண்டாள். கையில் இருந்தது ஒரு பழைய லேப்டாப். அது சூடானால் டேபிள் ஃபேன் முன்னால் வைத்து ஆறவிட்டு, மறுபடி வேலை பார்ப்பாள். அப்படியே ஒரு விளையாட்டைச் செய்து அனுப்பி, சென்னையில் ஒரு கேம் கம்பெனியின் முதல் சுற்றில் தேறியும்விட்டாள். அடுத்த சுற்று வீடியோ காலில். அவர்கள் சொல்கிற ஒரு மாற்றத்தை அவர்கள் கண் முன்னாலேயே அந்த விளையாட்டில் செய்து காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். லேப்டாப் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும் என்றார்கள்.

சித்தப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் உத்தரவாகத்தான் பேசுவார். "இந்த வேல கெடச்சா சரி. இல்லேன்னா பி.எட். அப்ளிகேஷன் போட்டுரணும். அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டார். மாரிக்கு பி.எட். என்ற மூன்றெழுத்தைக் கேட்டாலே முகம் வாடிவிடும்.

அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, புது லேப்டாப் எடுக்கணும். எனக்கு எம்புட்டு தேவைப்படும்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் லிஸ்ட் போட்டு அனுப்புறேன்."

அந்த 'எம்புட்டு'க்குப் பின்னால் அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பட்டியல் போடுவது எனக்குச் சாப்பிடுவது மாதிரி. அன்று விருந்தே சாப்பிட்டேன். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்குத் தனி மெமரி, ரேம், ஸ்கிரீன் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது, உள்ளே எத்தனை ஃபேன் ஓடுகிறது என்று இருபத்திரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் 'குறைந்தபட்சம்', 'விரும்பத்தக்கது', 'உன்னதம்' என்று மூன்று கட்டம், மூன்று நிறம். ஸ்கிரீனில் ஒரு காட்டையே உருவாக்கி, அதில் ஒவ்வொரு இலையையும் தனித்தனியாக அசைய வைக்கிறவர்களுக்கு ஏற்ற பட்டியல் அது. மாரி என்ன மாதிரி விளையாட்டு செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பத்தொன்பதாவது வரி பேட்டரி. அதற்கு நேராக, "முக்கியமில்லை. எப்போதும் சார்ஜரில்தான் இருக்கும்" என்று எழுதினேன். (ஆறு வருடமாக ஜெனரேட்டர் உள்ள அடுக்குமாடியில் இருப்பவள் வேறு எப்படி எழுதுவாள்?)

விடுமுறையில் போய் நானே கடைக்குக் கூட்டிப் போனேன். ராஜபாளையத்தில் பாய் ஒருவரின் கடை. என் வயதைவிட நாலைந்து கூட இருக்கும் அவருக்கு. பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"யம்மா, இது லேப்டாப்பா, ராக்கெட்டா?"

"கேம் டெவலப்மென்ட், பாய்" என்றேன், கொஞ்சம் மிதப்பாக.

"சரிங்க. பாப்பா என்ன மாதிரி கேம் செய்யுதாக? வீட்ல எங்கன உக்காந்து வேல பாப்பாக?"

மாரி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் எதுக்கு பாய்? பதினொண்ணாவது வரியப் பாருங்க. அதுல குறையக் கூடாது."

மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடச் சொன்னவளும் நான்தான். புதிய பெட்டியைப் பிரித்ததும் உள்ளே செங்கல் அளவில் ஒரு சார்ஜர். அதன் வயர் முனையில் தடித்தடியாக மூன்று பின். பாய் அதைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"மேடம், இது பெரிய பின்னு. ஃப்ரிட்ஜு, மோட்டருக்கு இருக்குல்ல, அந்தப் பவர் ப்ளக்குலதான் போகும். பாத்துக்கிடுங்க."

"எல்லா வீட்டுலயும் இருக்கும் பாய்."

"இருக்கும்தான்..." என்று இழுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு பில் போடப் போய்விட்டார்.

சித்தி வீட்டில் பவர் ப்ளக் மூன்று. ஒன்றில் தண்ணி மோட்டார், ஒன்றில் ஃப்ரிட்ஜ், ஒன்றில் கிரைண்டர். ஆக மாரியின் ஆபீஸ் அவள் அறையிலிருந்து கிரைண்டர் பக்கத்துக்கு மாறியது. சித்தி மாவாட்ட வந்தால் இவள் எழுந்துகொள்ள வேண்டும். "படிச்சு கம்ப்யூட்டர் வேலைக்குப் போறேன்னா. கடைசில அடுப்படிக்குத்தான் வந்து சேந்திருக்கா" என்று சித்தி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நானும் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினேன். (மேற்பார்வைக்கு.) சாயங்காலம் சித்தி இரண்டு நாள் மாவையும் சேர்த்து ஆட்டினாள். மோட்டாரைப் போட்டுத் தொட்டி வழிய வழிய நிரப்பினாள். இதற்கு என்ன அர்த்தம் என்று ராஜபாளையத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அக்கா, நாளைக்கு ஷட்டவுன்" என்றாள் மாரி. மாதம் ஒரு நாள் மராமத்துக்காக ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். "ஒம்பது மணிக்குப் போனா அஞ்சு மணிக்குத்தான் வரும். பேட்டரி நிக்குமா?"

"பெட்டியில ஆறு மணி நேரம்னு போட்டிருக்கு. இன்டர்வியூ பதினொரு மணிக்கு. கணக்குப் பாத்தா மூணு மணி நேரம் மிச்சமே இருக்கு."

"இன்வெர்ட்டர்ல பவர் ப்ளக் வராதுக்கா. லைட்டு, ஃபேன் மட்டுந்தான். பேசாம வில்லிபுத்தூர்ல செல்வி மதினி வீட்டுக்குக் காலையிலேயே போயிருவமா? அங்கன ஷட்டவுன் இல்ல."

"எதுக்கு அலைச்சல்? ஆறு மணி நேரம்னு போட்டிருக்கு மாரி."

அவள் சார்ஜரைச் செருகப் போய்விட்டாள். அந்த ஆறு மணி நேரம் என்பது ஸ்கிரீனை மங்கலாக்கி வைத்து, ஒன்றும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கிடைக்கிற ஆறு மணி நேரம். டெஸ்டரான நான் அதை ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். பெட்டியில் அச்சடித்ததைப் படித்ததோடு என் சோதனை முடிந்துவிட்டது.

காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனது. "ரெண்டு மூணு தடவ ரிகர்சல் பாத்துரு" என்று யோசனை சொன்னேன். (எல்லா யோசனையும் என்னுடையதுதான்.) மாரி வேலையைத் தொடங்கியதும் லேப்டாப் ஃபேன் நெல் மில் மாதிரி இரைந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"அக்கா, முப்பத்தெட்டு காட்டுது."

"நிமிஷமா?"

"சதவீதம்."

ஸ்கிரீனை மங்கலாக்கச் சொன்னேன். மங்கலாக்கினாள். பத்து மணிக்கு ஒன்பது சதவீதம். அவள் என்னைப் பார்த்தாள். நான் நிதானமாக, "இப்ப நமக்கு மூணு வழி இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"ஒரு வழிதான் இருக்கு. கெளம்புங்க" என்றார் சித்தப்பா.

ஆட்டோ பிடித்து வருவதற்குள் பத்தேகால் தாண்டிவிட்டது. போகிற வழியில் பேட்டரி முழுதாகச் செத்தது. லேப்டாப் மாரி மடியில், சார்ஜர் என் மடியில். டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த சித்தப்பா திரும்பிப் பார்த்து, "பனிமலையில நாங்க செமந்த ரேடியோ செட்டு இதுல பாதி கனம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாரி மனசுக்குள் எதையோ மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

செல்வி மதினி என் பெரியப்பா மருமகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். நாங்கள் போய் இறங்கியபோது மணி சரியாகப் பதினொன்று. மதினி வண்டியில் மாவு போடப் போயிருந்தாள். வேலைக்கு வருகிற பேச்சியக்கா மட்டும் இருந்தாள். பவர் ப்ளக் இரண்டில் கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் ஆளுயர ஃப்ரிட்ஜ்.

"ஐயோ, ஃப்ரிட்ஜத் தொடாதீக. உள்ள நெறைய மாவு இருக்கு. மதினி வையும்" என்றாள் பேச்சியக்கா.

"மதினிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருவமாக்கா?" என்றாள் மாரி.

"ஒரு மணி நேரத்துக்கு எதுக்கு? கதவத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம் சில்லுன்னு இருக்கும்" என்றேன் நான், நிதானமாக. ஃப்ரிட்ஜ் ப்ளக்கைக் கழற்றி எங்களுடையதைச் செருகினேன்.

கிரைண்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று வயரைக் கதவுக்கு அடியில் விட்டு, பக்கத்துச் சாமான் அறையில் உட்கார்ந்தோம். சென்னையில் இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஏழெட்டு நிமிடம் காத்திருந்தும் சிரித்த முகமாகவே பேசினார்கள். மாரி தன் விளையாட்டைத் திறந்தாள்.

அப்போதுதான் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு மினி பஸ். அதற்கு ஒரு பெண் கண்டக்டர். கூடைக்காரம்மா, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள், கல்யாணத்துக்குப் போகிற பட்டுச்சேலைக் கூட்டம், கயிறோடு ஒரு ஆடு. எல்லோரையும் ஏற்றி, சில்லறை கொடுத்து, சரியான இடத்தில் இறக்கிவிட வேண்டும். கோலப்பொடி நிறங்களில் தட்டையான படங்கள். ஒரு இலைகூட அசையவில்லை, அசையத் தேவையும் இல்லை. என் கைபேசியிலேயே ஓடும். கண்டக்டர் விசில் ஊதியதும் சென்னைக்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்கு மாரி. வழியில ஒரு ரயில்வே கேட் வைங்க பாப்போம். பஸ் நிக்கணும், உள்ள இருக்கறவங்க பொறுமை குறையணும்."

மாரியின் விரல்கள் ஓடின. கேட் வந்தது. பஸ் நின்றது. ஆடு மட்டும் நிற்காமல் கேட்டைத் தாண்டிப் போனது. எல்லோரும் சிரித்தார்கள், மாரியும்தான். "ஒரு நிமிஷம், சரி பண்ணிர்றேன்" என்றாள். அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். அடுத்த விநாடி, கதவைத் துளைத்துக்கொண்டு மதினியின் குரல்.

"எந்தக் கூறுகெட்ட சிறுக்கி ஃப்ரிட்ஜு ப்ளக்கக் கழட்டுனது? எம்புட்டு மாவு கெடக்கு உள்ள! ஏ பேச்சி! பொங்கி வழிஞ்சா உங்கப்பனா வந்து அள்ளுவான்?"

நான் எழுந்து கதவைத் திறப்பதற்குள் அவள் எங்கள் ப்ளக்கை உருவிவிட்டாள். பேட்டரியில் ஏறியிருந்தது நாலு சதவீதம். மதினி சொன்னது முழுவதையும் சென்னைக்கு அனுப்பிவைக்க மட்டும் அது போதுமானதாக இருந்தது. பிறகு ஸ்கிரீன் கறுத்துவிட்டது. கறுப்பில் மாரியின் முகமும் பின்னால் என் முகமும் தெரிந்தன.

விஷயம் தெரிந்ததும் மதினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏட்டி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல! நான் கிரைண்டரக் கழட்டிக் குடுத்திருப்பேனே!" மறுபடி செருகி, லேப்டாப் உயிர் பிடித்து, கூப்பிடுவதற்குள் அடுத்த ஆளுக்கு நேரமாகிவிட்டது. சேமிக்காத ரயில்வே கேட்டும் போயிருந்தது. மாரி போனில் பேசினாள். "பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள்.

மதினி இட்லி சுட்டுக் கொடுத்தாள். மாரி நாலு இட்லியைக் குனிந்த தலை நிமிராமல் தின்றாள். திரும்பும்போது ஆட்டோவில் சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பி.எட். ஃபாரத்துக்குக் கடைசித் தேதி என்னைக்கு?"

நாலாம் நாள் மெயில் வந்தது. வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம்.

என்னை யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். "கரண்டு போனதுக்கு நீ என்ன செய்வ?" என்றாள் சித்தி. மாரி பி.எட். சேர்ந்தாள். இரண்டு வருடம். ஒரு பள்ளியில் பயிற்சிக்குப் போய், எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் எடுத்தாள். இரண்டாவது வருடக் கடைசியில்தான் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் வேலை கிடைத்தது. அதற்கு யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

அந்த ராக்கெட்டை நான் எடுத்துக்கொண்டு, பாய் கடையிலேயே அவளுக்கு வேறு லேப்டாப் எடுத்தோம். இந்த முறை பட்டியல் அவளுடையது. பஸ் டிக்கெட் பின்னால் எழுதிய நாலு வரி. மடியில் வைக்க முடியணும். சின்ன பின். அவள் வேலையை ஓட்டிப் பார்த்து நாலு மணி நேரம் பேட்டரி. ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது. அதை பாய் படிக்கும்போது நான் கடை வாசலில் நின்று போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எந்த விசேஷ வீட்டுக்குள் நான் பையோடு நுழைந்தாலும் செல்வி மதினி உள்ளேயிருந்து கத்துவாள். "ஏ, அவ வந்துட்டா! யாராச்சும் ஓடிப்போய் ஃப்ரிட்ஜு ப்ளக்கப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க!" என் கல்யாணத்தில் மேடைக்கே வந்து மாப்பிள்ளையிடம், "வீட்ல எத்தன பவர் ப்ளக்குன்னு எண்ணிட்டீகளா?" என்று விசாரித்தாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அது பழகிவிட்டது.

மாரி மட்டும் அந்தக் கூட்டத்திலிருந்து என் பக்கம் வந்து, கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்வாள். "விடுங்க மதினி. அக்கா எனக்கு நல்லது நெனச்சுத்தான செஞ்சா" என்பாள்.

அதைக் கேட்பதற்கு மதினியின் கிண்டலே தேவலை என்று இருக்கும் எனக்கு.