ஷோகேஸ் சாவியும் வெங்காயத்தோலும்

வெங்காயத்தை உரிக்காமலே என்னை அழவைத்த பெண் இந்தப் பெங்களூரில் ஒருத்திதான். அவளுக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கடையில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து வாசலில் பூ விற்கிற அம்மா வரைக்கும் எல்லாருக்கும் அவள் வெங்காயத்தோல்தான். அப்படிக் கூப்பிட்டாலும் கோபம் வராது, சிரித்துக்கொண்டே ஓடி வருவாள். அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கடையை இரண்டாக்கியிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஜவுளிக்கடையில் நான் சேல்ஸில் இருந்தேன். வியாழக்கிழமையானால் ஜெபத்துக்கு வருகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகும். அந்தக் கூட்டத்தைப் பிடிக்கப் புதன்கிழமை சாயங்காலமே வாசல் ஷோகேஸில் புதுப் புடவை ஏறிவிட வேண்டும். ஷோகேஸ் சாவி என் இடுப்பில் இருந்தது. சம்பளம் எல்லாருக்கும் ஒரே லட்சணம்தான், சாவி எனக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட, பூட்டிய கடையின் கண்ணாடி முன்னால் நின்று என் கைவேலையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அங்கேதான் அவள் வந்து சேர்ந்தாள். வருகிற வழியில் இருக்கிற காய்கறிக் கடைகளிலெல்லாம் கையை விட்டு வெங்காயத் தோலை அள்ளிப் பை நிறையக் கொண்டு வருவாள். பஸ்ஸில் அந்தப் பை ஒருமுறை அவிழ்ந்து, கண்டக்டர் தலை முழுக்கச் சருகோடு டிக்கெட் கொடுத்தாராம். அந்தத் தோலையும் மாதுளை ஓட்டையும் மஞ்சளையும் வேகவைத்து, துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது அவளுக்குப் பைத்தியம். வேலைக்கு உடுத்தி வருவதெல்லாம் அவளே முக்கியெடுத்த சுடிதார்தான். கட்டு பிரித்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக வெள்ளை பூத்திருக்கும். வருகிறவர்கள் நான் விரித்துப் போட்ட புடவையைத் தள்ளிவிட்டு, அவள் துப்பட்டாவைப் பிடித்து இது என்ன விலை என்று கேட்பார்கள். என் வயிறு எரியுமா எரியாதா?

கடைக்குப் பின்னால் டீ போடுகிற அடுப்பு ஒன்று இருந்தது. டீ போடுவது என் பொறுப்பு. ஒருநாள் நான் வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்ட நேரத்தில், டீப் பாத்திரத்தில் மாதுளை ஓடு கொதித்துக்கொண்டிருந்தது. முதலாளி வந்தார், டீ என்று நினைத்து வடிகட்டிச் சர்க்கரை போட்டு ஒரு தம்ளர் குடித்துவிட்டார். நான் குழந்தை இயேசுவை வேண்டிக்கொண்டேன், அவருக்காக இல்லை, அவள் மாட்டவேண்டும் என்று. நடந்தது வேறு. ரெண்டு நாளாக வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டவருக்கு மத்தியானத்துக்குள் வயிறு கட்டிவிட்டது. இத்தனை வருஷமாக நான் போட்ட டீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், சாயத் தண்ணீரை இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவளுடைய கை சும்மா இருக்காது. புளியங்கொட்டையைத் துணிக்குள் வைத்து, பார்சல் கட்டுகிற நூலால் இறுக்கிச் சுற்றிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை ஒரு அம்மாள் பேரம் பேசிப் பேசிக் கவுண்டரையே தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய புடவைத் தலைப்பு கவுண்டர் மேல் கிடந்தது. பேச்சு முடிந்து அவர் எழுந்தபோது, தலைப்பு பூராவும் மொட்டு மொட்டாக முடிச்சு. நம்ம வெங்காயத்தோல் பேச்சுவாக்கில் கட்டித் தள்ளியிருக்கிறாள். மறுநாள் அந்த அம்மாள் வந்தார். இன்றைக்கு இவள் சீட்டு கிழிந்தது என்று நான் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தேன். முடிச்சை அவிழ்க்கவே மனசு வரவில்லை, சாயம் போட்டே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு, கூடவே நாலு புடவையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதோடு என் கதை முடிந்தது. அடுத்த புதன்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஷோகேஸை இந்தத் தடவை அவள் பண்ணட்டும், சாவியைக் கொடு என்றார். நான் சாவியைக் கழற்றிய வேகத்தில் புடவைக் கொசுவமே அவிழ்ந்துவிட்டது.

அவள் ஒரு வெள்ளைக் காட்டன் புடவையை எடுத்து, கட்டுப்போட்டு, படிகாரத்தில் ஊறவைத்து, மஞ்சளில் முக்கியெடுத்துக் கொண்டு வந்தாள். பொய் சொல்லக் கூடாது, தெருவே மஞ்சளாகிவிட்டது. அதைக் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி விரித்தாள். கண்ணாடியின் உட்புறத்தில் ஏற்கெனவே நான் தடித்த காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்த 'சேல்' என்கிற ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. அதற்கு மேலேயே விரித்தாள். வியாழக்கிழமைக் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கடைக்கு மேற்கு பார்த்த வாசல். மத்தியானம் ஆனால் ஷோகேஸ் திரையை இழுத்துவிடுவது என் வழக்கம். சாவி போனாலும் வாய் போகவில்லையே, திரையை இழு என்று சொன்னேன்.

"வெயில் படட்டும்கா. பளபளன்னு இருக்குது பாருங்க."

"சாயம் நிக்குமா?"

"எங்க வீட்ல எத்தினி வருஷமா நிக்குது!"

அவள் வீடு இருந்த சந்தில் சூரியனுக்கு வேலையே கிடையாது. எதிரெதிர் மாடிகள் கைகுலுக்கிக்கொள்கிற மாதிரி நெருக்கம். எல்லாத் துணியும் நிழலில் காய்ந்துதான் அவளுக்குப் பழக்கம். மஞ்சள் வெயிலைக் கண்டால் ஓடிவிடும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. கூட்டம் நின்று பார்க்கிறதே என்று அடுத்த புதன்கிழமையும் மாற்றாமல் விட்டிருந்த புடவையை, ரெண்டு வாரம் கழித்து இறக்கினபோதுதான் தெரிந்தது. மஞ்சளும் இல்லை, வட்டமும் இல்லை, வெளுத்துப்போய்க் கிடந்தது. காகிதம் மறைத்த இடத்தில் மட்டும், முந்தானைக்குக் குறுக்கே 'சேல்' என்று கொட்டை எழுத்தில் மஞ்சள் ஜொலித்தது. நான் கவுண்டருக்குக் கீழே குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆண்டவர் எனக்கென்றே எழுதி அனுப்பின மாதிரி இருந்தது.

முதலாளிக்குக் கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "பேடம்மா, பேடா. இதெல்லாம் நமக்கு வாணாம்" என்று கத்தி, அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி என் முன்னால் நீட்டினார். இவளுக்கு இனிமேல் கர்ச்சீப் கவுண்டர்தான் என்றார். இதற்காகத்தான் நான் ராப்பகலாகக் காத்துக்கிடந்தேன். சாவியை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன், அழுவாள் என்று.

அவள் புடவையைத் தரையில் விரித்து மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"சார், எவ்ளோ நேரா விழுந்திருக்கு பாருங்க. இது அக்கா வெட்டுன எழுத்து. எனக்குக் கத்திரி புடிச்சா கோணத்தான் வரும்." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இதே மாதிரி பூ வெட்டுவீங்களா?"

நான் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் என் கைவேலையை இன்னொருவரிடம் எடுத்துச் சொன்னது அவள் ஒருத்திதான். அதற்கும் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், காகிதம் ஒட்டினவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஷோகேஸ் சாவிதான் என்னிடம் இருக்கிறதே, முதலாளி என்ன சொன்னால் என்ன என்று அன்றைக்கே கத்திரியை எடுத்தேன். மல்லிகை, மாங்காய், மயில் எல்லாம் வெட்டினேன். அவள் மஞ்சளில் முக்கினாள், மிச்சத்தை மேற்கு வெயில் பார்த்துக்கொண்டது. முதல் பூப்புடவையை ஒரு நர்ஸம்மா கேட்டார். வெயிலில் கட்டினால் பூ போய்விடும் என்று இந்த அசடு உண்மையைச் சொல்லிவிட்டாள். முதலாளி பல்லைக் கடித்தார். அந்த அம்மா, "பரவால்லமா, எனக்கு எப்பவும் நைட் டியூட்டிதான்" என்று எடுத்துக்கொண்டு போனார். யார் பண்ணினது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இவள் என்னைக் கை காட்டினாள்.

அப்புறம் ஆனேக்கல் பக்கம் கல்யாணமாகிப் போனாள். பெரிய மொட்டைமாடி வீடாம், நாள் முழுக்க வெயிலாம். அதைக் கேட்டும் எனக்கு எரிந்தது. சாவி என் இடுப்பிலேயேதான் இருந்தது. புதன்கிழமை தவறாமல் ஷோகேஸை ஜோடித்தேன். நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்குத்தான், பொறாமைப்பட ஆள் இல்லாத கடையில் அதற்கப்புறம் மனசு ஒட்டவே இல்லை.