மூன்று எதிர்காலங்களும் ஒரு வேலையும்

விவாத மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்த நான், ஓர் அலுவலகக் கதவருகே விடைபெறத் தெரியாமல் தோற்றேன். இன்றும் இதை எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணுக்கு வந்த புதிதில், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் நேர்முகத் தேர்வு. அந்த வேலை தவறினால், அக்காவின் கணவர் சந்திரன் அத்தான் வேலைபார்த்த பிஸ்கட் தொழிற்சாலைதான் கதி. (யாழ்ப்பாணத்தில் வெற்றிக் கிண்ணம் ஏந்திய கை பெட்டி ஒட்டுவதா?)

கேள்விகளுக்கெல்லாம் அருவிபோல் விடையளித்தேன். முகாமையாளர் எழுந்து கைகுலுக்கினார். விடைபெற வேண்டிய நேரம். நம்மவர் ‘போறன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை. ‘போட்டு வாறன்’ என்பதே முறை. ஆங்கிலத்திலோ எதிர்காலத்துக்குப் பல வாசல்கள். ‘ஐ வில் கம்’ வெறும் வாக்குறுதி. ‘ஐ ஆம் கோயிங் டு கம்’ என்பதில் போதல் முந்திக்கொள்கிறது, அபசகுனம். ‘ஐ ஆம் கமிங்’ ஒன்றிலேதான் உறுதியும் மங்கலமும் கூடி நின்றன. அதையே முழங்கிவிட்டு வெளியேறினேன்.

நான் எதையோ எடுத்துவரப் போனதாக நினைத்த அம்மனிதர், அடுத்தவரை வெளியே காக்கவைத்து எனக்காகக் காத்திருந்தாராம். நானோ டிராமில் அமர்ந்து ஏற்புரை தயாரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்த நிறுவனத்திலிருந்து, ஏன் திரும்பி வரவில்லை என்று தொலைபேசியில் விசாரித்தார்கள். ஓடினேன். நமது மரபை முன்னுரை, வாதம், தொகுப்புரை சகிதம் விளக்கினேன். முகாமையாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மென்மையாக, “யூ வில் ஹியர் ஃப்ரம் அஸ்” என்றார்.

தொழிற்சாலை வேலைக்கு அன்றிரவே பதில் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றேன்.

“இல்லையெண்டதை இவங்கள் மரியாதையாச் சொல்லுற விதம் அது, தம்பி,” என்றார் அத்தான். “நாளைக்கு என்னோட வா.”

“அவர் ‘வில்’ எண்டு சொன்னவர், அத்தான்.”

“நீயும்தான் வாறன் எண்டு சொன்னனி. திரும்பிப் போனனியோ?”

 ஆனாலும் தொலைபேசியருகே வாரக்கணக்கில் காவலிருந்தேன். அது ஒலிக்கவேயில்லை. அதற்குள் தொழிற்சாலையின் பகல் வேலையை வேறொருவர் பிடித்துக்கொள்ள, எனக்கு இரவு வேலையே எஞ்சியது.

பின்னர் அக்கா எனக்குப் பெண் பார்த்தார். பெண் வீட்டார் யோசித்து அறிவிப்பதாகச் சொன்ன செய்தியை மகிழ்ச்சியோடு கொண்டுவந்தார். அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தம்பி, வேலைக்கு வெளிக்கிடு.”

எங்கள் வீட்டில் இப்போது எவர் எந்த வாக்குக் கொடுத்தாலும் இதுவே பதில்.