அல்பாக்காவுக்குக் காய்ச்சல்

"அல்பாக்காவுக்கு லேசா காய்ச்சல். ரத்தம் எடுக்கணும். வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு" என்று சொல்லிவிட்டுக் கணவன் போனை வைத்தான்.

தையல்காரி, பாதி தைத்த கவுனை அப்படியே மிஷினில் விட்டுவிட்டு, எதிர் மிஷினில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தாள்.

"அல்பா அக்கான்னு யாருடி?"

"பேரே அல்பமா இருக்கே" என்றாள் தங்கை. "அத்தான் ஆபீஸ்லயா?"

"புது ஆபீஸ் போய் ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள அக்கா, காய்ச்சல், ரத்தம்."

அந்த 'அக்கா'தான் அவளை அரித்தது. வெறும் பெயரைச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். முறை வைத்துக் கூப்பிடுகிற அளவுக்குப் போயிருக்கிறது என்றால் சும்மா இல்லை. அக்கா என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய் நின்றவர்கள் எத்தனை பேர்.

அவன் வந்தபோது தலை ஈரமாக இருந்தது. வீட்டில் இல்லாத ஏதோ ஒரு சோப்பின் வாசனை வேறு.

"குளிச்சிட்டா வந்தீங்க?"

"ஆமா. குளிக்காம விடமாட்டாங்க."

"யாரு விடமாட்டாங்க?"

பதில் வருவதற்குள் அவன் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

மறுநாள் காலை, பட்டன் தைக்கிற சாக்கில், அவன் போட்டிருந்த சட்டையைப் பனியனோடு சேர்த்து, கழற்றினால் அறுந்துபோகும்படி மெல்லிய நூலால் ஒரு தையல் போட்டு அனுப்பினாள். சாயங்காலம் பார்த்தால் நூல் அறுந்திருந்தது. காலரில் பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு சுருட்டை முடி. தையல்காரி அதை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உங்க அல்பா அக்கா முடியா இது?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அது அக்கா இல்ல, அல்பாக்கா. ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம். பண்ணைக்காரர் ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து இறக்கியிருக்காரு. ஏதாவது வியாதியோட வந்திருந்தா இங்க இருக்கிற ஆடு மாட்டுக்கெல்லாம் ஆபத்து. அதான் தனியா அடைச்சு வெச்சு ரத்தம் பாக்கறோம். உள்ள வேற துணி போட்டுக்கணும், வெளிய வரும்போது குளிக்கணும். அதான் சட்டம்."

"போட்டோ காட்டுங்க."

"உள்ள செல்போன் கொண்டு போகக்கூடாது."

"ரொம்ப வசதி" என்றாள் அவள்.

கதையைக் கேட்ட தங்கை உதட்டைப் பிதுக்கினாள். "குளிச்சதுக்கு ஒரு சட்டம், துணிக்கு ஒரு சட்டம், போட்டோவுக்கு ஒரு சட்டம். ஓட்டை தெரியற இடத்துல எல்லாம் ஒட்டுப் போடறாரு அத்தான்."

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று தையல்காரி அடுத்த நாளே அவன் ஆபீசுக்குப் பஸ் ஏறினாள். ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்கு நடுவே நீளமான கொட்டகை. வைக்கோல் வண்டிக்காகத் திறந்த கேட்டில் காவலாளியின் கண்ணில் படாமல் நுழைந்தாள். வாசலில் காலை நனைத்துக்கொண்டு போக மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கால் ஈரமாகிவிடும் என்று அதைத் தாண்டிக் குதித்தாள். கதவைப் படாரென்று திறந்தாள்.

வெள்ளை அங்கியும் ரப்பர் பூட்சுமாகக் கணவன் ஒரு நீளக் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். "அவ்வளவுதான் செல்லம், முடிஞ்சுது" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டிருந்தான். கழுத்து முழுக்கப் பழுப்புச் சுருட்டை முடி.

செல்லம் அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு முகத்தில் துப்பியது.

அப்புறம் நடந்ததெல்லாம் மானக்கேடு. காவலாளி கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவளை அதே சோப்பில் குளிக்க வைத்தார்கள். துணியையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, தொளதொளவென்று ஒரு வெள்ளை அங்கியில் பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

"வழியில எந்த ஆட்டை உரசிட்டு வந்தியோ" என்றான் கணவன், வீட்டுக்கு வந்ததும். "உன் மேல இருந்து அதுங்களுக்கு ஏதாவது ஒட்டியிருந்தா? எல்லாத்துக்கும் மறுபடி ரத்தம் எடுக்கணும். தனியா அடைச்சு வைக்கறதும் மறுபடி முதல்ல இருந்து. இனிமே இன்னும் லேட்டாத்தான் வருவேன். யாரால?"

"என்னாலதான்" என்று அழுதாள். தங்கமான மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு மனசு ஆறவில்லை.

அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் இருட்டிய பிறகு ஈரத்தலையோடு வந்தால் துண்டை எடுத்து நீட்டினாள். காலரில் முடி இருந்தால் பக்குவமாக எடுத்துப் போட்டாள்.

"எல்லாத்தையும் கழட்டிப் போட்டுக் குளிச்சிட்டு வராருன்னா, முடி மட்டும் எப்படிக்கா கூட வருது?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள்.

"உனக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும். நம்பிக்கைன்னா என்னன்னு அப்பத் தெரியும்."

தங்கை மிஷினை மிதித்தாள்.

அல்பாக்காவுக்குக் காய்ச்சல் விடவில்லை, குளிர் வேறு என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்ததில் தையல்காரிக்கு அதன் மேலேயே பாசம் வந்துவிட்டது. நல்ல கம்பளித் துணியாகப் பார்த்து, கழுத்துக்குத் தாராளமாக விட்டு, ஒரு கோட்டு தைத்தாள். அவனுக்குச் சொல்லாமல் ஒரு மத்தியானம் எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை கேட்டுக்கு வெளியிலேயே நின்று, மரியாதையாகக் காவலாளியைக் கூப்பிட்டாள்.

"நான் உள்ள வரல அண்ணே. காய்ச்சல்ல இருக்கிற அல்பாக்காவுக்கு இதை மட்டும் குடுத்துடுங்க."

காவலாளி கோட்டை வாங்கி, விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அதுங்க எல்லாம் சுத்தமா இருக்குன்னு நீங்க வந்துட்டுப் போனீங்களே, அந்த வாரமே பண்ணைக்கு அனுப்பியாச்சேம்மா, சாரும் அன்னையிலிருந்து மத்தியானமே கிளம்பிடறாரே."