பேயைச் சுடப் போன இணைச்சீர்க்காரி

ஒரு விஷயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமென்றால், அதனால் கொஞ்சமாவது அடிபட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கணக்கில் பார்த்தால், கம்ப்யூட்டரில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பேய்களைச் சுடுகிற அந்தப் பழைய விளையாட்டுக்கு இந்தக் காலத்தில் இரண்டாம் பாகம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல, கோயமுத்தூரில் என்னைவிடத் தகுதியான பெண்பிள்ளை கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை நான் எடுக்க முடியாது. எடுத்தால் எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன மாதம் அண்ணன் மகன் கௌதம் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே செல்போனைப் பார்த்தவன் என் பக்கம் திரும்பினான்.

"அத்தை, உங்க கேமுக்கு ரெண்டாம் பார்ட் விடப்போறாங்களாமா. நெட்டுல ஒரே சண்டை. கட்டாயம் வரோணும்னு பாதிப் பேரு, பழசைக் கெடுக்காதீங்கன்னு பாதிப் பேரு. நீங்க எந்தப் பக்கங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "மொதப் பாகத்துக்கே உங்கத்தை இன்னும் பதில் சொல்லி முடிக்கலே, கண்ணு!"

வழக்கம்போல வீடே சிரித்தது. வழக்கம்போல அம்மா எழுந்தாள். அவள் ஏன் எழுந்தாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண். அந்தத் தலைக்கனத்துக்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். கிருஷ்ணசாமி மாமா (அம்மாவின் தம்பி) தன் கைக்கடிகாரம் நின்றுபோனபோது, "கம்ப்யூட்டர் புள்ளை கையில குடுங்க" என்று என்னிடம் கொடுத்தார். நானும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "சிஸ்டத்துல கோளாறுங்க மாமா" என்றேன். பேட்டரி தீர்ந்திருந்தது.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். என் சிநேகிதி சுமதி அங்கே சாயங்காலங்களில் பாடம் எடுத்தாள். மூலையில் இருந்த ஒரு மெஷினில்தான் அந்த விளையாட்டு இருந்தது. இருட்டு வழிகள், முனகிக்கொண்டே திறக்கும் கதவுகள், கலர் கலராய்ச் சாவிகள், மூலைக்கு மூலை பேய்கள். பேய்களின் முகம் கட்டம் கட்டமாக, கிராஸ் ஸ்டிச் போட்ட தலையணை உறை மாதிரி இருக்கும். ஆனாலும் பயமாக இருக்கும். இன்னொரு விஷயம். நாங்கள் பேய்களிடமும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். வாயில் 'ங்க' வந்து ஒட்டிக்கொண்ட ஊர். சுடும்போது, "செத்துப்போங்க! போங்கன்னா போங்க!" என்றுதான் கத்துவேன்.

அப்போது அண்ணன் சண்முகத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கிணத்துக்கடவு, தென்னந்தோப்புக் குடும்பம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் பக்கத்தில் அவனுடைய அக்காவோ தங்கச்சியோ உட்கார வேண்டும். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். புதிதாக ஒருத்தி வந்தாலும் கூடப் பிறந்தவளுடைய உரிமை போகாது என்று சபையறியச் சொல்லுகிற சீர் அது. உட்காருகிறவள் இணைச்சீர்க்காரி. சீரை நடத்தி வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அண்ணனுக்கு நான் ஒரே தங்கச்சி. எனக்கு அவன் ஒரே அண்ணன். ஆக, என் ஆயுசுக்கு ஒரே ஒரு இணைச்சீர்தான். அதற்காகவே அம்மா தன் பழைய நகையை அழித்து எனக்கு வளையல் செய்து போட்டிருந்தாள்.

கல்யாண மண்டபம் கம்ப்யூட்டர் சென்டருக்கு நேர் எதிரே அமைந்தது என் விதி.

அன்று சாயங்காலம் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக நான் மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். சுமதி வந்தாள். வந்தவள் வாழ்த்துச் சொல்லாமல் காதோரம் குனிந்தாள்.

"கவிதா, நாளைக் காலையில அந்த மெஷினை ஃபார்மேட் பண்றாங்களாமா. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தப் போறாங்க."

இரண்டு மாதமாக விளையாடி, கடைசிப் பேயின் கதவு வரைக்கும் வந்திருந்தேன். அந்த ஒரு பெரிய பேயைக் கொன்றால் முடிந்தது. நாளைக்குக் கதவும் இருக்காது, பேயும் இருக்காது.

"சாவி வெச்சிருக்கியா?" என்றேன்.

சீர் ஆரம்பிக்க அரைமணி நேரம் இருக்கிறது என்று அருமைக்காரர் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. கல்யாண வீட்டில் அரைமணி என்றால் ஒருமணி என்பது ஊரறிந்த கணக்கு. அந்த அருமைக்காரர் சொன்ன நேரத்துக்குச் செய்கிறவர் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பன்னீர்ச் செம்பைப் பெரியப்பா மகள் செல்வியக்கா கையில் கொடுத்து, "அஞ்சு நிமிசத்துல வந்தர்றேங்க்கா" என்றேன். செல்வியக்கா கையில் அன்று நான் கொடுத்தது செம்பை மட்டுமல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போகக்கூடாது (தூசி பட்டால் மெஷின் செத்துவிடும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை). என் புது வெல்வெட் செருப்பை மாடிப்படியடியில் விட்டேன். உள்ளே ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்தியதும் எதிரே அடிக்கும் மேளம்கூடக் கேட்கவில்லை. வளையல்கள் கீபோர்டில் இடித்தன. கழற்றி மானிட்டர்மேல் வைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் தடவை செத்தேன். பரவாயில்லை என்றேன். அடுத்த தடவையும் செத்தேன். "போலாம் வாடி" என்று சுமதி கையைப் பிசைந்தாள். இன்னும் ஒரே தடவை என்றேன். எத்தனை ஒரே தடவை என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அங்கே மண்டபத்தில் அருமைக்காரர் கூப்பிட்டிருக்கிறார். "இணைச்சீர்க்காரி எங்கீங்க? வரச் சொல்லுங்க." மாமா நாலைந்து சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தேடக் கிளம்பினார். அங்கேதான் வீடியோக்காரர் நுழைகிறார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம், எங்கள் பழக்கம் ஒன்றும் தெரியாது. "சீர் ஒண்ணுகூட விட்டுப்போகக்கூடாதுங்க" என்று அப்பா வேறு அவரை மிரட்டி வைத்திருந்தார். காலையிலிருந்து சீருக்குமேல் சீராக எடுத்து அவர் குழம்பிப் போயிருந்தார். பெரிய மனிதர்கள் கூட்டமாக வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வெளியே போவதைப் பார்த்ததும், இதுவும் ஒரு சீர் போலிருக்கிறது என்று லைட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்துவிட்டார்.

மாடிப்படியடியில் என் செருப்பைக் கண்டுபிடித்தவர் மாமா.

கதவு திறந்தது. அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். கடைசிப் பேய் அப்போதுதான் தள்ளாட ஆரம்பித்திருந்தது. நான் திரும்பாமலே, "லைட்டை அக்கட்டால காட்டுங்க, ஸ்கிரீன் தெரியலீங்க!" என்று கத்தினேன்.

"ஏனம்மணி," என்றது மாமாவின் குரல், "இங்க என்ன பண்ணீட்டு இருக்கற?"

திரும்பினேன். திரும்பிய அந்த நொடியில் பேய் என்னைக் கொன்றது.

வீடியோக்காரர் மாமாவை மெல்லத் தட்டி, "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொண்ணு முகம் மறைக்குது. இதுக்குப் பேர் என்ன சீருங்க?" என்று கேட்டார்.

"இதுங்களா?" என்றார் மாமா. "எங்க குடும்பத்து மானம் போற சீருங்க."

செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஓடினேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது சீர் நடந்துகொண்டிருந்தது. மேடையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கையில் கூறைச்சேலையின் ஒரு முனை. மறுமுனை செல்வியக்கா கையில்.

நடந்ததைப் பிறகு சொன்னார்கள். "மாப்ளே, நேரம் போகுதுங்க, வேற புள்ளையை உக்கார வெக்கலாமுங்களா?" என்று அருமைக்காரர் கேட்கக் கேட்க, அண்ணன், "வந்துருவாளுங்க, அவ வந்துருவாளுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம். கடைசியில் அப்பாதான் தலையைக் குனிந்துகொண்டு செல்வியக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் தூணோரம் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் வளையல் இல்லாத என் மொட்டைக் கையைப் பார்த்தான், பிறகு குனிந்து சேலையைப் பார்த்துக்கொண்டான். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அம்மா என் பக்கத்தில் வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "தங்கச்சி இருந்தும் இல்லாதவனாப் பண்ணிப்போட்டியே."

மறுநாள் சுமதி வளையல்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். போகும்போது, "ராத்திரிதான் ரோசனை வந்துது. அந்த ஆட்டத்தை ஒரு பிளாப்பியில காப்பி பண்ணி வெச்சிருந்தா, ஒரு வாரம் கழிச்சுக்கூட விளையாடியிருக்கலாம். ஏண்டி, கம்ப்யூட்டர் படிக்கறவதானே நீ?" என்றாள். மாமாவின் கைக்கடிகாரம் ஞாபகம் வந்தது.

இதோடு முடிந்திருந்தால் காலம் மறைத்திருக்கும். வீடியோக்காரர் விடவில்லை. அடுத்த மாதம் கிணத்துக்கடவில் அண்ணி வீட்டு விருந்து. அண்ணியின் அப்பா தோட்டத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, பெருமையாகக் கல்யாணக் கேசட்டைப் போட்டார். பிள்ளையார் வந்தார், மாப்பிள்ளையும் பெண்ணும் ரோஜாப்பூவுக்குள் வந்தார்கள். பிறகு மாடிப்படி வந்தது. கதவு திறந்தது. பட்டுச்சேலையும் பூவுமாக நான், நாக்கைத் துருத்திக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "செத்துப்போங்க! இன்னுமா சாகலே? சாவுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஏதோ முக்கியமான சீர் என்று நினைத்து, வீடியோக்காரர் என் முகத்தைச் சுற்றி இதய வடிவம் போட்டு, மேலிருந்து பூ தூவவும் செய்திருந்தார். பின்னணியில் ஷெனாய்.

மங்கள காரியத்தின் நடுவே நாத்தனார் சாவு சாவு என்கிறாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏனுங் மாப்ளே," என்றார் அண்ணியின் அப்பா மெதுவாக, "தங்கச்சி யாரைங்க சாகச் சொல்றாங்க?"

அண்ணன் சொன்னான்: "அது கம்ப்யூட்டர் பரீட்சைங்க மாமா. அன்னிக்குன்னு பார்த்து வெச்சுட்டாங்க. போகலீன்னா பெயிலாக்கிருவாங்க. நான்தான் போயிட்டு வான்னு அனுப்பிச்சேன்."

நான் யாரை மேடையில் காக்க வைத்தேனோ, அவன் எனக்காகப் புது மாமனாரிடம் பொய் சொன்னான். அவர் முகம் தெளிந்து என்னைப் பார்த்தார். "பாஸ் பண்ணீட்டீங்களா அம்மணி?"

"இல்லீங்க" என்றேன். அந்த ஒன்றாவது உண்மையாக இருக்கட்டுமே என்றுதான்.

அண்ணிக்கு விஷயம் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தச் சீர் தொடங்கினாலும், "கவிதா மண்டபத்துல இருக்கறாளா பாருங்க" என்று ஒரு குரல் எழும். கேசட் சி.டி. ஆனது, சி.டி. செல்போனுக்கு வந்தது. கௌதமின் கூட்டாளிகள்வரை என் நாக்கைப் பார்த்திருக்கிறார்கள். அந்த விளையாட்டைப் பிறகு நான் தொடவேயில்லை. கடைசிப் பேய் இன்றுவரை உயிரோடுதான் இருக்கிறது.

ஆக, போன மாதம் கௌதம் கேட்ட கேள்விக்கு, சிரிப்பு அடங்கியதும் பதில் சொன்னேன்.

"வேண்டாம் கண்ணு. புதுசுல புல்லுகூடத் தனித்தனியா அசையும், ரத்தம் நெசமாட்டத் தெறிக்கும். எங்க பேய் கட்டம் கட்டமா இருந்ததுனாலதான் மீதியை நாங்களே நெனைச்சுப் பயந்துக்கிட்டோம். அது அப்படியே இருக்கட்டும். ரெண்டாம் பாகம் வரோணும்னா எனக்கு அந்தச் சாயங்காலந்தான் திரும்ப வரோணும். அதை எந்தக் கம்பெனிக்காரன் விடுவான்?"

சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஐம்பது வயதில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

அண்ணன் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான். "இன்னும் கொஞ்ச வருசத்துல எனக்கு அறுபதாங் கல்யாணம் வருது. அதுல இணைச்சீர் வெக்கற வழக்கமில்லைன்னு சொல்வாங்க. சொல்லீட்டுப் போறாங்க. நான் வெக்கப்போறேன். மறுமுனையைப் புடிக்க நீ வரோணும்."

"நெசமாலுமாங்ணா?" என்றேன்.

"இந்தத் தடவையும் வரலீன்னா எழுந்திருக்க மாட்டேன். அங்கயே உக்காந்திருப்பேன்" என்றான்.

கௌதம் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். உள்ளே போன அம்மா நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"கழட்டவே முடியாத மாதிரி வளையல் எந்தக் கடையில கெடைக்கும்னு விசாரிச்சு வெய்யுங்க" என்றாள். சொல்லிவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அம்மாவும் சிரித்தாள்.