மீனை மூழ்கடித்த படிக்கல் பாய்

ரங்கூனில் கணக்கில்லாமல் மீன் பிடித்து, ஒரு செதிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராமல், ஊரிலேயே பெரிய மீன்காரர் என்று பேர் வாங்கிய ஒரே மனிதர் படிக்கல் பாய்தான். இதைப் பாராட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான பொறாமையில் சொல்கிறேன்.

பபேடானில் எங்கள் தெருவில் அவர் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. தட்டு, முள், வீசைக்கல், அரைவீசைக்கல் எல்லாவற்றுக்கும் நடுவில் அவரும் குட்டையாக, கனமாக உட்கார்ந்திருப்பார். சொந்தப் பெயர் என்னவென்று அவர் மனைவிக்கே மறந்திருக்கும். கறிக்கடைக்காரர் யாராவது எடைபோட்டுத் தேய்ந்த படிக்கல்லைக் கொண்டுவந்தால், கல்லைச் சரிசெய்வதற்கு முன்னால் கறிக்கடைக்காரரைச் சரிசெய்வார். குந்துமணி எடை கூடக்குறைய இருந்தாலும் தெருவே கேட்கும்படி சத்தம் போடுவார்.

நானும் மீன் பிடிக்கிறவன்தான். ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைதோறும் தன்லியின் ஆற்றங்கரைக்கு பஸ் ஏறிப் போய், வெயிலில் கருகி, கெளுத்தியோ மடவையோ நாலைக் கோத்துத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் தெருவுக்குள் நுழைவேன். முனையில் இருக்கும் டோ செய்னின் டீக்கடை வாசலில் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடப்பேன். டோ செய்ன் பர்மாக்காரம்மா. எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழில் நன்றாகக் கேலி செய்வார். மணி என்கிற என் பெயருக்கு முன்னால் பர்மா மரியாதைக்கு ஒரு 'கோ' மட்டும் சேர்த்துக்கொள்வார்.

"கோ மணி, இன்னிக்கு எந்தச் சந்தையில வாங்கின?"

கடை முழுக்கச் சிரிக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, அடுத்த பத்தாவது நிமிஷம் படிக்கல் பாய் கடற்கரையிலிருந்து மீன் இல்லாமல் வருவார். இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு இருந்துச்சு. விட்டுட்டேன்" என்பார். "அடேயப்பா!" என்று அதே கடை வாய் பிளக்கும். ஆட்டம் காணாத ஒரே ஒரு ஸ்டூல் அந்தக் கடையில் உண்டு. அதைத் துடைத்து அவருக்குப் போடுவார் டோ செய்ன். மீனோடு வந்தவன் பொய்யன், மீனில்லாமல் வந்தவர் வீரர். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டிலாவது சொல்லலாம் என்றால், என் மனைவி கெளுத்தியைக் கழுவிக்கொண்டே பெருமூச்சு விடுவாள். "பாயும்தான் மீன் பிடிக்கிறாரு. அவங்க வீட்டுல ஒரு நாத்தம் உண்டா, ஒரு ஈ உண்டா?"

பாய்க்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது ஒரு வெள்ளைக்கார எஞ்ஜினியர். ஹோட்டல் கட்ட வந்தவர் தன்னுடைய தராசைச் சரிசெய்துகொடுத்த பாயோடு சிநேகமாகி, ஊருக்குத் திரும்பும்போது ஒரு கயாக்கை அவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் படகு. மஞ்சள் நிறம். தெருப் பிள்ளைகள் அதற்கு வாழைப்பழம் என்று பெயர் வைத்தார்கள். அதைக் கடையில் வைக்க முடியாமல் மாடிப்படிச் சுவரில் நெட்டுக்குத்தாகக் கட்டிவைத்திருந்தார். அந்தப் படியில் தலையில் இடி வாங்காத குடித்தனக்காரரே கிடையாது.

மாதத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கயாக்கை பஸ் கூரையில் ஏற்றி சௌங்தா கடற்கரைக்குக் கிளம்புவார். முதல் தடவை, தார்ப்பாய் சுற்றியிருந்த அந்த நீளத்தைப் பார்த்து கண்டக்டர் சவப்பெட்டி என்று நினைத்துவிட்டார். ஏற்றவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். பாய் தார்ப்பாயைப் பிரித்து, "உள்ள யாருமில்ல, நாந்தான் உக்காரப்போறேன்" என்று பர்மியில் விளக்கியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி இவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாளாம்.

கிளம்புவதற்கு முன் டோ செய்ன் கடையின் பலகாரப் பலகையில், கடைசி வரிக்குக் கீழே சாக்பீஸால் எழுதிவைப்பார்: 'சௌங்தா. ஞாயிறு மாலை திரும்புவேன். வராவிட்டால் தேடவும்.' கடலுக்குத் தனியாகப் போகிறவன் எங்கே போகிறான், எப்போது வருவான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமாம். ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருத்தர் அந்தப் பலகையை மேலிருந்து கீழே படித்துவிட்டு, சௌங்தா ஒரு பிளேட் கொடுங்கள் என்று கேட்டார். கழுத்தில் விசில், உடம்பில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டை அவர் பஸ்ஸிலேயே போட்டுக்கொள்வார். "தண்ணிக்குள்ள விழுந்தப்புறமா பட்டன் போட முடியும்?" என்பார்.

இதெல்லாம் பரவாயில்லை. மீனை விடுவதற்கு அவர் கண்டுபிடித்த கருவியில்தான் தெரு அல்லோலகல்லோலப்பட்டது.

ரங்கூனில் மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் பேப்பரை அதில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வோம். பாய் தன் வீட்டுக் கயிற்றையும் கிளிப்பையும் கழற்றி, கிளிப்புக்குக் கீழே ஒரு வீசைக்கல்லைக் கட்டினார். நாலாவது மாடி பால்கனியில் நின்று ஒத்திகை பார்த்தார். மீனுக்குப் பதில் கிளிப்பில் அவருடைய ரப்பர் செருப்பு. மெதுவாகக் கீழே இறக்கி, சட்டென்று ஒரு சுண்டு சுண்டினால் கிளிப் திறந்து செருப்பு விடுபட வேண்டும். அருமையாக விடுபட்டது. நேர் கீழே டோ செய்ன் அன்றைக்குத்தான் அந்த வாசலில் அண்டா வைத்து மொகிங்கா மீன்குழம்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்.

என் செருப்பு அப்படி விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் உயிரோடு இருந்திருக்கமாட்டேன். பாய் செருப்பு என்பதால் டோ செய்ன் அதைக் கரண்டியால் எடுத்து, கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தார்.

"எதுக்கு பாய் இது?"

"மீனோட வாயில மாட்டித் தண்ணிக்குள்ள எறக்கறதுக்கு."

அன்று மாலைக்குள் பாய் மீனைக் கல்லைக் கட்டித் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்கிறார் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

அதுவும் பலிக்கவில்லை. டீக்கடையில் பஞ்சாயத்து வேறு பக்கம் திரும்பியது. பிறந்தநாளுக்கு மீன் வாங்கி ஆற்றில் விட்டால் குதோ, அதாவது புண்ணியம் என்பது பர்மாக்காரர் வழக்கம். அப்படியானால் தானே பிடித்துத் தானே விடுகிறவருக்குக் குதோ உண்டா இல்லையா? டோ செய்னுக்கு அது பெரிய சந்தேகம்.

"எனக்குப் புண்ணியமெல்லாம் வேணாம். மீனு உசுரோட வீட்டுக்குப் போவணும், அவ்வளவுதான்" என்றார் பாய்.

நான் விடவில்லை. "விடறதுக்கு எதுக்கு பாய் பிடிக்கணும்?"

"நீ சினிமாவுக்குப் போறியே மணி, நடிகையை வீட்டுக்கா கூட்டிட்டு வர்றே?"

அன்றிலிருந்து டோ செய்ன் தன் பிறந்தநாள் மீனைப் பாய் கையால்தான் ஆற்றில் விடவைத்தார். என்னைப் பையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த ஆள் மீனே பிடிப்பதில்லை, கடற்கரையில் படுத்துத் தூங்கிவிட்டு வருகிறார். கூடவே போய்க் கண்ணால் பார்த்து, டீக்கடையில் போட்டு உடைக்க வேண்டும். "பாய், நானும் சௌங்தா வரட்டுமா?" என்றேன். மனுஷர் முகம் மலர்ந்துபோய்விட்டது. எனக்குக் கொஞ்சம் குத்தியது. கொஞ்சம்தான்.

சனிக்கிழமை முழுக்கக் கரையில் உட்காரவைத்தார். காற்று சரியில்லையாம். எனக்கு ஓர் இலைகூட அசைந்த மாதிரி தெரியவில்லை. ஞாயிறு விடிந்ததும் ஜாக்கெட்டை எனக்கு மாட்டி, விசிலைக் கழுத்தில் போட்டு, கயாக்கில் என்னை உட்காரவைத்தார். உள்ளூர் மீனவர் ஒருவரின் சின்னப் படகில் தான் ஏறிப் பக்கத்திலேயே வந்தார். தூண்டில் முள்ளில் மீன் கழலாமல் இருக்கப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்குமே குட்டிக் கூர், அதையெல்லாம் குறட்டால் நசுக்கிவைத்திருந்தார். மீனுக்கு வலிக்குமாம். கடலடியில் பாறை இருக்கும் இடத்துக்கு மேலே தூண்டிலை இறக்கச் சொன்னார்.

அரைமணி நேரத்தில் என் கை கழன்றுவிடும்போல ஓர் இழுப்பு. படகோடு என்னைச் சுற்றியது. நான் விசில் ஊதினேன், கத்தினேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். மேலே வந்தது ஒரு களவா. பாறை இடுக்கில் வாழுகிற மீன். செம்பழுப்பில் புள்ளி புள்ளியாக, என் வாழ்நாளில் நான் பார்த்திராத களவா. ஆனால் கண் பிதுங்கி, வாய்க்குள் பலூன் மாதிரி ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"தண்ணியவிட்டு வெளிய எடுக்காத, கைய நனைச்சுக்கிட்டுப் பிடி" என்று பாய் படகை ஒட்டிக் கொண்டுவந்தார். "ஆழத்துலேர்ந்து இழுத்துட்டோம்ல, உள்ள இருக்கற காத்து வீங்கிடுச்சு. இப்படியே விட்டா மெதந்துக்கிட்டே கெடந்து செத்துடும். கீழ கொண்டுபோய் விட்டா காத்து சுருங்கும், பொழச்சுக்கும்."

"ஊசியால குத்திக் காத்தை எடுத்துட்டா?"

"உன் வயித்துல குத்தட்டுமா?" என்றார். பிறகு சாந்தமாக, "உன் மீனு மணி. திங்கறதுன்னாலும் இப்பவே முடிவு பண்ணு, விடறதுன்னாலும் இப்பவே விடு. அதை வச்சுக்கிட்டு யோசிக்காத" என்றார்.

டோ செய்ன் கடை வாசலில் இந்த மீனோடு நடப்பதை நினைத்தேன். எந்தச் சந்தை என்று அப்போதும் கேட்பார். சட்டென்று ஒன்று தோன்றியது.

"பாய், நீங்க விட்டதுலயே பெருசு எவ்வளவு இருக்கும்?"

மீனைத் தலையிலிருந்து வால்வரை ஒரு பார்வை பார்த்தார். தராசுக்காரர் பார்வை. "இதவிட நாலு விரக்கடை கம்மி."

நாலு விரற்கடை! "விடறேன் பாய்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், மீன்மேல் இரக்கத்தால் இல்லை. பாயைவிடப் பெரிய மீனை விட்டவன் என்ற பெயருக்காகத்தான்.

கீழுதட்டில் கிளிப்பை மாட்டினோம். வீசைக்கல் அதைக் கீழே கூட்டிக்கொண்டு போனது. பன்னிரண்டு பாகம் கயிறு, அதாவது கை விரித்த பன்னிரண்டு ஆள் நீளம், என் விரல்களுக்கு நடுவே ஓடியது. "இரு" என்றார் பாய். இருந்தேன். கயிற்றில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ஓர் உதறல். இன்னொன்று, பலமாக. "இப்ப சுண்டு!" சுண்டினேன். கயிறு லேசாகிவிட்டது. கல் மட்டும்தான் மேலே வந்தது. மேலே எதுவும் மிதக்கவில்லை.

பாய் பொறாமைப்படுகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். காதுவரை சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் பொறாமைப்படவே தெரியவில்லை. அதிலும் எனக்குப் பொறாமை வந்தது.

திரும்பி வரும்போது பதெய்ன் தாண்டுவதற்குள் மீன் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. ரங்கூனுக்குள் நுழையும்போது இன்னொரு சாண். டீக்கடையில் நான் கையை விரித்தபோது இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் நகர வேண்டியதாயிற்று.

"எங்க மீனு?" என்றார் டோ செய்ன்.

"விட்டுட்டேன்."

"பாய் விட்டா அது விட்டது. நீ விட்டா அது தப்பிச்சது."

கடை அதிர்ந்தது. நான் கையை இறக்கவில்லை. இறக்கினால் இந்த ஜென்மத்தில் அந்தத் தெருவில் என்னை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். டோ செய்ன் பாய் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க பாய். இவ்வளவா இருந்துச்சு?" என்றார்.

குந்துமணி எடைக்குத் தெருவைக் கூட்டுகிற மனிதர். இரண்டு சாண் பொய்யை என்ன செய்வார்? பாய் டீயை வைத்துவிட்டு என் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

என் உயிர் போய்விட்டது. அவர் எழுந்து வந்து, என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, இன்னும் நாலு விரற்கடை விலக்கிவைத்தார்.

"இப்ப சரியா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. டோ செய்ன் என் மீனைப் பற்றி முதல் தடவையாக "கௌண்டே" என்றார். நல்லது என்று அர்த்தம்.

படியேறும்போது கேட்டேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"மீனு தண்ணிக்குள்ள இருந்துச்சுல்ல மணி. தண்ணிக்குள்ள அளவு அப்படி இப்படித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கயாக்கில் தலையை இடித்துக்கொண்டு மேலே போனார்.

பிறகு அவருக்கு முழங்கால் மடங்காமல் போய், மகள் தாகேதாவில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு நாள் பார்க்கப் போனேன். அங்கே ஒரு டீக்கடையில், முன்பின் தெரியாத நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து கையை விரித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் வந்துவிடுவாராம். எனக்கோ பஸ் பிடித்துப் போனால்தான் பாய். அந்தத் தாகேதாக்காரர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.